வயித்துப் பைக்கு விட்ட அரை இஞ்சு

ஆப்பரேஷன் பண்ணி, மலம் போக என் வயித்துல ஒரு வாய் வச்சிருக்காங்க. அதுமேல ரப்பர் பை ஒட்டணும். ஒட்டுற பிளாஸ்டர்ல அந்த வாய்க்கான ஓட்டைய நானே வெட்டுதேன், நான் தாராவி டெய்லர்லா!

ஆனா சுத்தித் தோல் வெந்து எரியுது. மச்சினன் சொன்னான்னு தேங்காயெண்ணெய் பூசினேன், பையே ஒட்டல.

இன்னைக்கு ஆஸ்பத்திரியில நர்ஸ், "ஓட்டை ஏன் இவ்ளோ பெருசு?"ன்னாங்க.

"வளர்ற பிள்ளைச் சட்டை மாதிரி அரை இஞ்சு கூட விட்டேன், சிஸ்டர்."

"அந்த இடத்துலதான் மலம் பட்டுத் தோல் வேகுது. ஒரு நூல், அதான் அரைக்கால் இஞ்சு, விட்டாப் போதும், அண்ணாச்சி. வெறும் தண்ணியில கழுவி, ஈரம் போகத் துடைச்சு ஒட்டுங்க. அப்பப்ப அளவெடுங்க, வீக்கம் வத்த வத்த வாய் இன்னும் சுருங்கும்."

சுருங்குமா? குழம்பிப்போய்க் கத்திரியோட உக்காந்திருக்கேன். வளரும்னு விட்டு வெட்டியே பழகின கை இது. சுருங்குறதுக்கு எப்படி வெட்டணும்னு தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்கய்யா.