கொத்தமல்லித் தண்ணி

சில வருடங்களுக்கு முன், கண்டியில் பெரஹரா ஊர்வலம் நடந்துகொண்டிருந்த சமயம். அன்று சனிக்கிழமை. நான் பேராதனையில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். லுக்கேமியா என்கிற இரத்தப் புற்றுநோய்க்கு மாத்திரை எடுக்கும் பிள்ளைகளுக்கு, அந்த மருந்து வெள்ளணுக்களை எவ்வளவு குறைக்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. சும்மாவே எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. முடிவுகள் வரும் நாளென்றால் கேட்கவே வேண்டாம்.

அன்று காலை வந்த முடிவுகளில், ஹந்தானைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் இருக்கும் ஏழு வயதுச் சிறுமிக்கு வெள்ளணுக்கள் மிகமிகக் குறைந்திருந்தன. மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். தேநீர் ஊற்றப் போனவள் பாதியில் திரும்பி வந்து மறுபடி பார்த்தேன். இவ்வளவு குறைந்தால் உடம்பில் நோயை எதிர்க்க ஒன்றும் இருக்காது. சின்னக் காய்ச்சல்கூட உயிருக்கு ஆபத்து. பிள்ளையைப் பார்க்கும் ஆஸ்பத்திரி வார்ட் டாக்டருக்குச் சொன்னேன். காய்ச்சல் இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் வரச் சொல்லுங்கள் என்றார்.

பிள்ளையின் அம்மாவுக்கு ஃபோன் எடுத்து, பிள்ளை சுகமா என்று கேட்டேன்.

"சுகம்தாங்க மிஸ். நீங்க சுகமா இருக்கீங்களா?"

"காய்ச்சல் ஏதும் இருக்கா?"

"இல்லைங்க."

அதோடு வைத்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. காலையில் பிள்ளை என்ன சாப்பிட்டாள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் எறங்கலைங்க. கொத்தமல்லித் தண்ணி மட்டும் கொஞ்சம் குடிச்சா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காய்ச்சலோ சளித் தடிமனோ இல்லாத வீட்டில் எங்கள் ஊரில் யார் கொத்தமல்லி அவிப்பார்கள்? ஏன் அவிச்சீங்க என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"ராத்திரி லேசா சுட்டுச்சுங்க. பனடோல் குடுத்தேன், எறங்கிருச்சு. லீவு நாள்ல ஒங்களையெல்லாம் ஏன் தொந்தரவு பண்ணணும்னுதான் சொல்லல. டவுன்ல ரோட்டெல்லாம் மூடிருவாங்க, திங்கக்கிழமை கிளினிக்குக்கு வர்றோமே?"

பனடோல் சூட்டைத்தான் இறக்கும், கிருமியைக் கொல்லாது, திங்கட்கிழமை வரை தாங்காது, இப்போதே ஓட்டோ பிடித்து வாருங்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

பிறகு ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். நின்றேன் என்பது பொய். கேட்டுக்கும் மருந்தகத்துக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தேன். ஃபோன் எடுத்தால் பதில் இல்லை. வரும் ஒவ்வொரு ஓட்டோவுக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். ஓர் ஓட்டோக்காரர் சிரித்துவிட்டு, எங்கே போகணும் என்று சிங்களத்தில் கேட்டார். அழுகை வந்துவிட்டது. ஆய்வுகூடத்தில் மருந்தைப் பற்றி அவ்வளவு தெரிந்து என்ன பயன், ஒரு ரோட்டைத் திறக்க என்னால் முடியவில்லையே என்று ஆத்திரமாக இருந்தது.

கடைசியில் ஹோர்ன் அடித்தபடி ஓர் ஓட்டோ உள்ளே வந்தது. தடுப்புப் போட்டிருந்த இடத்தில் டிரைவர் இறங்கி, பிள்ளையின் மொட்டைத் தலையைப் போலீஸ்காரருக்குக் காட்டினாராம். அவர் ஒன்றும் கேட்காமல் தடுப்பைத் தூக்கி விட்டாராம். அதற்குள் பனடோலின் வேகம் முடிந்திருந்தது. நான் தூக்கியபோது பிள்ளையின் உடம்பு அனலாகக் கொதித்தது. வார்டில் உடனே ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். இன்னும் ஓர் இரவு போயிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் பார்க்கப் போனபோது பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். அவளுடைய அம்மா எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"நீங்க சுகமா மிஸ்?" என்றாள் பிள்ளை.

அந்தச் சனிக்கிழமையிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. ஃபோன் அடித்தாலே நெஞ்சு பதறியது. ஆனாலும் யோசிக்காமல், "சுகம்தான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்த அம்மாவை எனக்கு முழுதாகப் புரிந்தது. இப்போதும் யாராவது ஃபோனில் சுகம்தான் என்றால் நான் அதோடு வைப்பதில்லை. இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறேன்.