கொம்புப் பெயிண்ட் பூசிய பன்றிகள்

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. பெங்களூரில் கட்டட வேலை நின்றுபோனதும் பென்னாகரம் பக்கத்தில் ஓர் அக்காவின் பன்றிப் பண்ணையில் சேர்ந்தேன். சோறும் படுக்க இடமும் கிடைத்தன. நாற்றம் சீக்கிரமே பழகிவிட்டது.

முந்தைய மழைக்காலத்தில் இருமல் நோய் புகுந்து குட்டிகளில் பாதியைக் கொன்றிருந்தது. இன்னொரு முறை வந்தால் எல்லாவற்றையும் விற்றுவிடுவதாக அக்காவின் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அதனால் இந்த முறை மழைக்கு முன்பே தடுப்பூசி போட அக்கா டாக்டரை வரவழைத்தார்.

"நல்லா இருக்கறதுக்கு எதுக்குங்க ஊசி?" என்று டாக்டரைக் கேட்டேன்.

"இதுல இருக்கறது செத்த கிருமி. உடம்பு இத பாத்து வெச்சுக்கும். நாளைக்கு உசுரோட வந்தா அடையாளம் தெரிஞ்சு அடிக்கும்."

உடம்பு எதைக் கொண்டு பார்க்கும்? கேட்பதற்குள் பன்றிகள் அலற ஆரம்பித்துவிட்டன. மேல்தாடையில் கயிற்றுச் சுருக்குப் போட்டு நான் இழுத்துப் பிடித்தேன். டாக்டர் காதுக்குப் பின்னால் குத்தினார். ஊசி போட்ட அடையாளத்துக்கு அக்கா முதுகில் நீலப் பெயிண்ட் பூசினார். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்து மிஞ்சிய டப்பா அது.

பாதி முடிந்ததும் டீ குடிக்கப் போனோம். திரும்பினால் ஷெட் முழுக்க நீலம். பன்றிகள் நிழலில் ஒன்றின் மேல் ஒன்று படுத்து உரசியிருந்தன. எது ஊசி போட்டது, எது போடாதது என்றே தெரியவில்லை.

"ஏம்மா, மாடு தனியா நிக்கும், பெயிண்ட் காயும். பன்னி நிக்குமா?" என்று டாக்டர் தலையில் கை வைத்தார்.

"பெயிண்ட்டே இப்பிடி ஒட்டுதுன்னா இருமல் எப்பிடி ஒட்டும்!" என்றார் அக்கா. அவர் சிரிக்கவில்லை.

எனக்கு அந்த நீலத்தைப் பார்க்கப் பார்க்கத் தீரவில்லை. குட்டிகளைத் தடுப்புச் சுவருக்கு அப்பால் விட்டிருந்தோம். அவற்றிலும் சிலதுக்கு மூக்கு நுனியில் மட்டும் நீலம். சுவரில் ஒரு சந்து இருந்தது. அதில் மூக்கை நுழைத்து மோந்திருக்கின்றன. அன்றே சிமெண்ட் குழைத்து அதை அடைத்தேன்.

"எல்லாத்துக்கும் மறுபடி போடலாம். ரெண்டு தடவ போட்டா ஒன்னும் ஆவாது. வுட்டுப்போனாதான் ஆபத்து" என்றார் டாக்டர்.

மறுநாள் மருந்து வந்தது. குட்டிகளுக்கும் போட்டோம். இம்முறை ஊசி போட்டதையெல்லாம் பக்கத்து ஷெட்டுக்கு ஓட்டினோம்.

மழை பிடித்தது. ஒரு காலையில் இருமல் சத்தம் கேட்டு அக்கா ஓடினார், பின்னாலேயே வீட்டுக்காரரும். ஒரு குட்டி இருமிக்கொண்டிருந்தது. ஆனால் தொட்டியிலிருந்து தலையை எடுக்கவில்லை. போன வருஷம் இருமியவை தீனியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லையாம்.

"இருமிக்கிட்டே திங்குது பாருங்க. இதயா விக்கச் சொல்றீங்க?" என்றார் அக்கா.

வீட்டுக்காரர் இன்னொரு வாளி தீனி எடுத்துவரப் போனார்.