கைக்குட்டையைப் பார்த்தவள்

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர் சித்தப்பா ஒருவர்தான். அதனால் கும்மிடிப்பூண்டி டூரிங் டாக்கீஸில் இங்கிலீஷ் படம் போட்டபோது, திரையில் யார் வாயைத் திறந்தாலும் அதற்கு அர்த்தம் சொல்லும் உரிமை அவருக்கே இருந்தது. எனக்கு ஒன்பது வயது.

படத்தில் உயரத் தொப்பியும் கையுறையுமாக ஒருவன். சீமாட்டிகளுக்குக் குனிந்து வணக்கம் சொல்வான். அவர்கள் நகைப்பெட்டியைக் காலி செய்துவிட்டு, உள்ளே ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நான்காக மடித்து வைத்துவிட்டுப் போவான். திருடன்தானே என்று கேட்டேன்.

"திருடன் இல்ல பாப்பா, ஜென்டில்மேன். எல்லாத்தையும் கடைசீல திருப்பிக் குடுத்துடுவான். ஆனா கர்ச்சீப்பப் பாத்தவங்க வாய மூடிக்கினு இருக்கணும். சொல்லிட்டா வரமாட்டான்."

கடைசி ரீல் ஓடுவதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சித்தப்பா என்னைக் கிளப்பிவிட்டார். எங்கள் ஊரான ஆரம்பாக்கம் திரும்பும் வழியில், "நம்ம ஊட்ல பெட்டிச் சாவிய எங்க வெக்கறாங்க?" என்று விளையாட்டாகக் கேட்டார். அத்தைக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் அது. அரிசிப் பானைக்குள் என்று பெருமையாகச் சொன்னேன்.

பத்து நாளில், பம்பாயில் வேலை கிடைத்துவிட்டது என்று சித்தப்பா கிளம்பிப் போனார். மறுநாள் காலை ரிப்பன் எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். அத்தையின் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த இரட்டைவடச் சங்கிலி இல்லை. அங்கே ஒரு வெள்ளைக் கைக்குட்டை இருந்தது. எனக்குப் புல்லரித்துப் போயிற்று. என் சித்தப்பாவேதான் ஜென்டில்மேன்! கைக்குட்டையைப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

சங்கிலி காணோம் என்பது அன்றே அத்தைக்குத் தெரிந்துவிட்டது. சொந்தத் தம்பியைச் சந்தேகிக்க அப்பாவுக்கு, எங்கள் நைனாவுக்கு, மனம் வரவில்லை. பானையில் கை வைப்பவள் யார் என்று பார்த்தார்கள். நெல் குத்தி அரிசியைப் பானையில் கொட்டிவிட்டுப் போகும் வேலைக்கார அக்கா மாட்டிக்கொண்டாள். கற்பூரத்தை ஏற்றி, கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார் நைனா. அணைத்தாள்.

"நான் தொட்டிருந்தா இந்தக் கை அழுகிப் போவட்டும் சாமி" என்றவள், என் பக்கம் திரும்பினாள். "பாப்பா, நீ ஊட்லயேதான கீற? நீயாவது சொல்லேன்."

நான் சொல்லவில்லை. நாளைக்கே சங்கிலி வந்துவிடும், அப்போது அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன். சங்கிலியும் வரவில்லை, சித்தப்பாவும் வரவில்லை. அதன்பிறகு ஊரில் எந்த வீட்டிலும் அவளை உள்ளே விடவில்லை. ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டாள். அப்போதும் நான் ஜென்டில்மேனுக்காகக் காத்திருந்தேன், முட்டாள்.

சமீபத்தில் அதே படத்தை டிவியில் போட்டார்கள். என் பேத்தி அவன் அழகில் கிறங்கிப் போனாள். வெட்கக்கேடு, அவன் குனிந்து வணங்கியபோது எனக்கும் மனசு இளகத்தான் செய்தது. இப்போது எனக்கும் இங்கிலீஷ் தெரியும். கடைசி ரீலையும் பார்த்தேன். அவன் எதையும் திருப்பித் தரவில்லை, சிரித்துக்கொண்டே கப்பலேறிவிட்டான். வாயை மூடிக்கொண்டிரு என்று அந்தப் படத்தில் யாரும் யாரிடமும் சொல்லவேயில்லை. அது சித்தப்பா எனக்காக மட்டும் சேர்த்த வசனம்.