இன்னும் யோசிக்கும் தெரு

தையல்காரரான என் சித்தப்பாவுக்கு அரசியலில் ஒரே கொள்கைதான். யாருக்கு ஓட்டு என்று வாயைத் திறக்கவே கூடாது. மழை பெய்தால் சாக்கடை அவர் கடைக்குள் வந்து, தைத்து வைத்த துணிகளை நனைத்துவிடும். ஐந்து வருடம் மனு கொடுத்தும் அசையாத வேலை, தேர்தலுக்கு இருபது நாள் இருக்கும்போது தானாகத் தொடங்கியது. கவுன்சிலரின் ஆட்கள் வந்து தெருமுனையிலிருந்து வாய்க்கால் கட்டினார்கள்.

"இன்னும் யோசிச்சிட்டுதான் இருக்கோம்" என்று அவர்களிடம் தினமும் சொல்லி வைத்தார் சித்தப்பா.

ஒரு நாள் கவுன்சிலரே கும்பிட்டபடி கடை வாசலுக்கு வந்தார். சித்திக்கு மனம் இளகிவிட்டது.

"எங்க தெரு ஓட்டு மொத்தமும் உங்களுக்குத்தான் தம்பி. கவலைப்படாம போங்க."

மறுநாள் செங்கல்லும் மணலும் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டன. அங்கே இன்னும் யாரும் முடிவு செய்யவில்லையாம். எங்கள் வாய்க்கால் கடைக்கு இரண்டு வீடு முன்னாலேயே நின்றது.

"மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னது தப்பாங்க?" என்றாள் சித்தி.

"தப்பில்ல. ஓட்டுப் போட்ட பிறகு சொல்லியிருக்கலாம்ல."

கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு சித்தப்பா கவுன்சிலரைப் பார்க்கப் போனார்.

"வீட்ல சொன்னத மனசுல வச்சுக்காதீங்க சார். எனக்கும் அவளுக்கும் அரசியல்ல ஒத்தே போகாது. தெருவுல பாதிப் பேர் என் பக்கம்."

மறுநாள் காலை, பாதி ஆட்கள் மட்டும் திரும்பி வந்தார்கள்.