பஸ் செலவு: பூஜ்யம்

இந்த மாத பட்ஜெட்டில் பஸ்ஸுக்கு நேராகப் பூஜ்யம் போட்டிருந்தேன். பெண்களுக்குத்தான் இலவச பஸ் இருக்கிறதே!

இன்று காலை மானாம்பதி ஸ்டாப்பில் ஒரு மணி நேரம் நின்றும் அந்த பஸ் வரவில்லை. உத்திரமேரூருக்கு ஷேர் ஆட்டோ வந்தது. இருபது ரூபாய்.

என்னோடு அதே துணிக்கடையில் வேலை செய்யும் தேவகி ஏறிக்கொண்டு கத்தினாள். “இன்னாக்கா, இன்னும் நின்னுக்கினு கீற? வாக்கா, டைம் ஆயிடுச்சு!”

“நீ போம்மா. பஸ் இப்போ வந்துரும்.”

பர்ஸில் இருந்ததே இருபது ரூபாய்தான். அதுவும் நாளைக்குக் குழந்தையின் பாலுக்கு என்று எழுதிவைத்தது. சம்பளத்துக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

ஒருவழியாக அந்த பஸ் வந்து, கடைக்குள் நுழையும்போது மணி பத்தரை.

“அரை நாள் சம்பளம் கட்,” என்றார் முதலாளி.

“பஸ் டைமுக்கு வர்ல சார்.”

“தேவகியும் உங்க ஊருதானே? அவ வர்ல?”

அரை நாள் கூலி இருநூறு ரூபாய். சம்பளம் வந்ததும் சிலிண்டர் வாங்க அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருந்தேன். மூன்று நாளாக அடுப்பு அணைந்து அணைந்து எரிகிறது.

பாலுக்கான இருபது ரூபாய் மட்டும் பத்திரமாக இருக்கிறது. காய்ச்சத்தான் கேஸ் இருக்குமா தெரியவில்லை.

நாளைக்கும் அதே ஸ்டாப்பில்தான் நிற்கப்போகிறேன். வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இருபது ரூபாய்க்குள் இருக்கட்டும்.