வீரமுத்து திரும்பச் செருகிய இரண்டு பலகை

வீரமுத்துவின் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆனால் வேறு யாராவது அவனைக் குறை சொன்னால் சண்டைக்குப் போய்விடுவேன்.

நாங்கள் வேலை பார்த்தது மலாயாவில், லிங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். உறைந்த ரப்பர் பாலை அலசும் ஆலைக்காக ஓடையை மறித்து அணை கட்டியிருந்தார்கள். மதகில் ஆறு பலகை, ஒன்றன்மேல் ஒன்றாக. அவற்றை உருவுவதும் செருகுவதும்தான் வீரமுத்துவின் வேலை. இராமநாதபுரத்து ஆள். அவன் ஊர்க் கண்மாய் நிறைந்த வருஷங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மனைவி மயிலம்மாள் இரண்டு வாளி ஊற்றிக் குளித்தாலே முகம் சுளிப்பான், கஞ்சப் பயல்.

1926 கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. மிஞ்சிய தண்ணீர் வழியும் கலிங்கில் அடிக்கல் பெயர்ந்துவிட்டது. இனி அதன்மேல் தண்ணீர் ஏறினால் அணையே போய்விடும். தினம் ஒரு பலகையாக உருவி மட்டத்தை இறக்கச் சொன்னார் துரை. ஒரேயடியாகத் திறந்தால் அணைக்குக் கீழே ஓடைக்கரையில் வரிசையாக இருக்கும் கூலி லயத்து வீடுகள் எட்டும் மூழ்கும். அவற்றில் ஒன்று என் வீடு, ஒன்று அவன் வீடு.

மூன்று நாளில் மூன்று பலகை உருவினான். நான்காம் நாள் வெயில் அடித்தது. தண்ணீர் சும்மா ஓடுவதைப் பார்க்கப் பொறுக்காமல், யாரிடமும் சொல்லாமல் இரண்டைத் திரும்பச் செருகிவிட்டான். மறுநாள் விடியும்போதே மழை கொட்டியது. பத்து மணிக்கெல்லாம் தண்ணீர் கலிங்கில் ஏறி இரண்டு கல்லை உருட்டிவிட்டது.

எங்களை வேலை வாங்கும் மண்டோர் தங்கராஜுவிடம் அவனே ஓடிவந்தான்.

"அண்ணே, தப்பு எம்மேலதான். பலகையத் திரும்பப் போட்டுட்டேன். இப்ப எல்லாத்தையும் உருவணும். கீழ் லயத்து சனங்கள மேட்டுக்கு ஏத்துங்க."

"ஒன் வீடும் அங்கதான்லா இருக்கு."

"தெரியும்ணே."

பிள்ளைகளையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஏறினோம். மண்டோர் கை காட்டிய பிறகுதான் அவன் பலகையில் கை வைத்தான். மதியத்துக்குள் எங்கள் வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். என் கோழிகள் ஏழும் போயின. அணை நின்றது, ஆட்களும் பிழைத்தோம்.

வயிற்றெரிச்சலோடு நாலு வார்த்தை கேட்கப் போனேன். மதகருகே நின்று அவன் அழுதுகொண்டிருந்தான். மயிலம்மாள் எனக்கு முன்னே வந்திருந்தாள்.

"வீடு போச்சேன்னா அழுவுறீங்க?"

"இல்ல புள்ள. எவ்வளவு தண்ணி, பாரு. அம்புட்டும் கடலுக்குப் போவுது."

"இதுல பாதி நம்ம கம்மாயில கெடந்திருந்தா நாம ஏன் கப்பலேறப் போறோம்" என்றாள்.

நானும் அதே இராமநாதபுரச் சீமைக்காரன்தான். கேட்க வந்ததைக் கேட்கவில்லை. மூன்று பேரும் அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.