மூடாத நாற்பது படங்கள்

ஸ்கேன் சென்டரில் அவரை ரீஸ்டார்ட் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளத்தான் வேலைக்கு வந்தார். டீசல் ஊற்ற வேண்டும், பெல்ட் அறுந்தால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் பேச்சு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் சர்வரைக் கொண்டுவந்து இறக்கியவன், "இதுக்கும் கரண்ட்தான் சாப்பாடு, நீங்களே பார்த்துக்கங்க" என்று அறைச் சாவியை இவர் கையில் திணித்துவிட்டுப் போனான். அன்றைக்கு ஏறியது அந்தப் பெட்டி இவர் தலையில்.

பெட்டி இருந்த அறை ஒரு காலத்தில் குளியலறை. குழாயைப் பிடுங்கி ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். சோப்பு வைக்கிற மாடத்தில் இவர் மூக்குக் கண்ணாடியும் ஸ்குரூ டிரைவரும் இருக்கும்.

ஸ்கேன் மெஷின் எடுக்கிற படமெல்லாம் சர்வரில் ஒரே ஃபோல்டரில் வந்து விழும். டாக்டரம்மா அறை, ரிப்போர்ட் அடிக்கிற அறை, வரவேற்பு மேசை மூன்றும் அந்த ஃபோல்டரைத்தான் நம்பியிருந்தன. படத்தைப் பார்க்கிற புரோகிராமும் சர்வருக்குள்ளேயேதான் ஓடியது. டாக்டரம்மா மேசையில் இருந்தது வெறும் திரை.

ஆறு மாசமாக எல்லாமே ஆமை வேகம். இவர் கேபிளை மாற்றினார். சுவிட்ச் பெட்டியை மாற்றினார். ஃபேனைக் கழற்றித் தூசி தட்டினார். வைரஸ் தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. தினமும் மூன்று மணிக்கு மெமரி தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். ரீஸ்டார்ட் பண்ணினால் இரண்டு மணி நேரம் ஓடும், அப்புறம் பழைய கதைதான். அதற்கென்று ஒரு முறையே வந்துவிட்டது. ரீஸ்டார்ட்டுக்குப் பத்து நிமிஷம் முன்னால் வரவேற்பு மேசைப் பெண் அறை அறையாகப் போன் போட்டுச் சொல்வாள். அவரவர் செய்த வேலையைச் சேமித்துக்கொள்வார்கள். பெட்டி எழுந்ததும் டாக்டரம்மா காலையில் பார்த்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து வைப்பார்.

"அண்ணே, மணி மூணாகப்போகுது. பிள்ளையைத் தொட்டில்ல போடலையா?" என்பாள் அந்தப் பெண்.

"போடறேன்மா. நீ தாலாட்டுக்கு ஆள் பாரு" என்பார் இவர். முதல் மாசம் சிரிப்பு வந்தது.

திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன்யா. சரியாகலைன்னா சர்வர் பார்த்துக்கற வெளிக் கம்பெனிக்காரங்ககிட்ட மொத்தமா விட்டுடுவேன். ஜெனரேட்டரையும் அவங்களே பார்த்துப்பாங்களாம்."

ஜெனரேட்டரும் போனால் இவருக்கு அங்கே நிற்க இடம் இல்லை. ஐம்பத்தொரு வயசில், எட்டாம் வகுப்பை வைத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது?

"விஷயம் தெரிஞ்சவங்க யாரையாவது கேளுங்களேன்" என்றாள் வீட்டுக்காரி.

"அந்தத் தெரிஞ்சவன் நான்தான்னு அங்க நினைச்சுக்கிட்டிருக்காங்க" என்றார்.

புதன்கிழமை ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்தார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மெமரி எவ்வளவு என்று எழுதினார். படிப்படியாக ஏறியது. ஸ்கேன் முடிந்து ஒரு நோயாளி வெளியே வந்தால் ஒரு படி. டாக்டரம்மா சாப்பிடப் போன நேரத்தில் ஏறவே இல்லை. ஆனால் இறங்கவும் இல்லை. அவர் திரும்பி வந்ததும் இவர் அவர் அறைக்குப் போய்த் திரையின் அடியைப் பார்த்தார். திறந்து வைத்த படங்கள் பேருந்தில் நிற்கிற ஜனம் மாதிரி நெருக்கிக்கொண்டு நின்றன. நாற்பது பேர்.

"பார்த்து முடிச்சதை மூடிடலாமே மேடம். ஒவ்வொண்ணும் அங்க மெமரியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. அதனாலதான் ஸ்லோ."

"மூடிட்டுத் திரும்பத் திறந்தா எவ்வளவு நேரமாகும்?"

"இப்ப இருக்கற நிலைமையில... இருபது நிமிஷம்."

"அதனாலதான் மூடறதில்ல. ஒரு சர்ஜன் போன் பண்ணி, கட்டி எந்தப் பக்கம்னு கேட்டார். ஆள் ஆபரேஷன் டேபிள்ல படுத்திருக்கார். படம் திறக்க இருபது நிமிஷம். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

"மூடினா ஸ்லோ ஆகாது மேடம்."

"ஸ்லோ ஆகாம காட்டுங்க, மூடறேன்."

"நீங்க மூடினாத்தானே காட்ட முடியும்?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "நல்லா மாட்டிக்கிட்டோம், நீங்களும் நானும்."

மெமரியைக் கூட்டலாம் என்றால் பெட்டியில் இடமில்லை. அந்தப் பழைய மாடலுக்குப் பெரிய மெமரி எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. "புதுப் பெட்டிய கம்பெனிக்காரங்க கொண்டு வருவாங்க" என்று முதலாளி முடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிக்கு டாக்டரம்மா சாப்பிடப் போனார். இவர் குளியலறையில் உட்கார்ந்து, அங்கிருந்தபடியே அன்றைக்குத் திறந்திருந்த நாற்பதையும் நிறுத்தினார். சர்வரிலிருந்து நிறுத்தினால் புரோகிராம் சேமிக்கவா என்று ஒரு வார்த்தை கேட்காது. தொண்ணூற்றேழு மளமளவென்று இறங்கி இருபத்தொன்றில் நின்றது. ஒரு படத்தைத் திறந்து பார்த்தார். கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. செருப்பைக்கூட மாட்டாமல் முதலாளி அறைக்கு ஓடினார்.

இரண்டு பேரும் டாக்டரம்மா அறைக்குள் நுழைந்தபோது அவர் திரை முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"என் அளவெல்லாம் எங்க?" என்றார். "காலையில வந்த பெரியவர் நுரையீரல்ல பதினேழு இடத்தை அளந்து வெச்சிருந்தேன். ஒரு மணி நேர வேலை. போனே வரலையே."

போன். இது ரீஸ்டார்ட் இல்லையே, போன் எதற்கு என்று இவர் நினைத்திருந்தார். நினைத்திருந்தார் என்பதுகூடச் சரியில்லை. போன் போடுவது எப்போதும் வரவேற்பு மேசைப் பெண்ணின் வேலை. இவர் புத்தியில் அது உறைக்கவே இல்லை. போன் வராதவரை டாக்டரம்மா எதையும் சேமிப்பதில்லை.

"இப்ப திறந்து பாருங்க மேடம், ஒரே செகண்டுல வரும்" என்றார். சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

டாக்டரம்மா உட்கார்ந்து பெரியவரின் படத்தைத் திறந்தார். ஒரே செகண்டில்தான் வந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. முதல் இடத்திலிருந்து மறுபடி அளக்க ஆரம்பித்தார்.

"வெளிய வாய்யா" என்றார் முதலாளி.

"சார், இருபத்தொண்ணுல நிக்குது. ஒரே ஒரு நாள், பார்த்ததை மூடச் சொல்லிப் பாருங்க."

"அவங்ககிட்ட இப்ப நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்லுவேன்? அவங்க கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா சென்டருக்கே பூட்டுதான். திங்கட்கிழமை கம்பெனிக்காரங்க வராங்க. எது எங்க இருக்குன்னு காட்டிக் கொடுத்துட்டுப் போ."

இவர் திரும்பி நடந்தார். நடைபாதையில் பெரியவரின் மகன் கையில் பழைய ரிப்போர்ட் கவரோடு உட்கார்ந்திருந்தான். வெறுங்காலோடு வந்தவரை நிமிர்ந்து பார்த்தான்.

"ரெண்டு மணிக்கு ரிப்போர்ட் தரேன்னாங்க. மெஷின் கெட்டுப்போச்சா சார்?"

"இல்ல தம்பி. மெஷின் இன்னிக்குத்தான் நல்லா ஓடுது."

"அப்புறம் ஏன் லேட்டு?"

கண்ணாடிக் கதவு வழியாக டாக்டரம்மாவின் முதுகு தெரிந்தது. தலையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். மூன்றாவது இடமோ நான்காவதோ, இங்கிருந்து எண்ண முடியவில்லை.

"அளந்துக்கிட்டிருக்காங்க" என்று சொல்லி அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.